இடது கைக் காப்பு

பட்டத்தரசியம்மன் துணை

தை 18, வியாழன்

வீட்டுக்காரருக்கு இடது மணிக்கட்டில் எலும்பு கூடிவிட்டது, உள்ளே வைத்த தகடு அப்படியே இருக்கட்டும், இனிமேல் கையை மெதுவாகப் பழக்கலாம் என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று காலை வீட்டுக்காரர் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தார். கார்த்திகையில் நாய் குறுக்கே பாய்ந்து வண்டியோடு விழுந்த பிறகு இதுதான் முதல் தடவை.

புது நோட்டு என்பதால் முறையாக எழுதி வைக்கிறேன். வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன், வயது நாற்பத்து நான்கு. ஊருக்கு இரண்டு மைல் தள்ளி இருக்கிற கோல்ஃப் கிளப்பில் பதினாலு வயதிலிருந்து ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கினார். விளையாடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே ஆட்டம் படித்தார். நடுவில் நாலு வருடம் மஸ்கட்டில் கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பராமரிக்கப் போய் வந்தார். இப்போது கிளப்பில் பயிற்சிப் பந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. புதிதாக வருகிறவர்களின் கையைத் திருத்திவிடுவதும் இவர்தான். ஆனால் சொல்லிக்கொடுக்கிறவர் என்று பெயர் கிடையாது. அதற்கு ஒரு பரீட்சை தேற வேண்டும். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று கிளப்பில் ஆட வருகிற வின்சென்ட் சார்தான் மனுப் போட்டுக் கொடுத்தார். பங்குனி 20, 21, பெங்களூரில். இரண்டு நாள் ஆட்டம், இரண்டு நாளும் எல்லாக் குழியிலும் பந்தைப் போட மொத்தம் நூற்று ஐம்பத்தாறு அடிக்கு மேல் ஆகக் கூடாது. முடித்தால் வின்சென்ட் சாருக்குத் தெரிந்தவர் அங்கே நடத்தும் பயிற்சிப் பள்ளியில் வேலை. மாதம் ஒரு தடவை ஊருக்கு வரலாமாம்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மீதியை மருந்துச் சீட்டிலும் காலண்டர் தாளிலும் கோயில் நோட்டீசிலும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேன். எதையும் எண்ணி எழுதி வைப்பது என் பழக்கம். அதனால் பந்துக் கணக்கு என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

இன்று இருபது பந்து. எல்லாம் அரை வீச்சுதான். வலி இல்லை என்றார்.

தை 24, புதன்

வின்சென்ட் சார் வந்தார். வீட்டுக்குப் பின்னால் கடலை பறித்துவிட்டுச் சும்மா கிடக்கிற காட்டில்தான் பழகுகிறார். சார் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்து அடி பார்த்துவிட்டு, "மயிலம்மா, ஒரு ஸ்கேல் இருக்குதா?" என்றார். மகள் தரணி பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த அடி ஸ்கேலைத் தேடிக் கொடுத்தேன். அவள் இப்போது ஈரோட்டில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள்.

சார் அந்த ஸ்கேலை அவருடைய இடது கையுறைக்குள், புறங்கையின் மேல் செருகினார். பாதி கையிலும் பாதி முழங்கைப் பக்கமும் இருந்தது. "மட்டை மேலே போய் நிக்கிறப்போ இந்த ஸ்கேல் கையோட ஒட்டி இருக்கணும். மணிக்கட்டு பின்னாடி மடிஞ்சா ஸ்கேல் குத்தும். மடிஞ்சா மட்டையோட முகம் திறந்துக்கும். திறந்தா பந்து வலது பக்கம் வளைஞ்சு ஓடிடும். அவ்வளவுதான் விஷயம்."

தோசை திருப்பும்போது கை பின்னால் மடிந்தால் தோசை மடங்கி விழுகிற மாதிரி என்று நான் சொன்னேன். சார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட" என்றார்.

அடுத்தது வீச்சுத் தளம். மட்டை ஒரு சாய்ந்த பலகையின் மேல் போவது போல மேலே ஏறி, அதே சாய்வில் இறங்க வேண்டுமாம். அதற்கு ஏதோ கம்பிச் சட்டம் விற்கிறதாம். நாங்கள் கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து, அவருக்குப் பின்னால் வலப்பக்கமாக இரண்டு குச்சி முட்டுக் கொடுத்துச் சாய்த்து நிறுத்தினோம். மட்டை வழி தவறிப் பின்னால் சாய்ந்தால் கட்டில் சட்டத்தில் 'டக்' என்று அடிக்கும். எத்தனை டக் என்று நான் எழுத வேண்டும்.

"ஏம்புள்ள, மத்தியானம் படுக்கறதுக்குக் கட்டிலு வேணுமே" என்றார்.

"பாஸ் பண்ணிட்டு வந்து படுத்துக்குங்க."

தை 27, சனி

மாவு புளிக்கவில்லை. பந்து நாற்பது. டக் ஒன்பது.

மாசி 3, வியாழன்

இன்று முதல் முழு வீச்சு. ஒரு நாளைக்கு அறுபது பந்து. நோட்டில் மூன்று கோடு போட்டுவிட்டேன்.

நேர் 33. வலது 21. இடது 6.

வலது பக்கம் போவதெல்லாம் பக்கத்துக் காட்டுக் கிளுவை வேலிக்குள் போய் விழுகிறது. முள்ளுக்குள் கையை விட்டு நான்தான் எடுக்க வேண்டும். பதினெட்டுதான் கிடைத்தது.

"நீங்க அடிக்கறது பந்து இல்லீங்க, என்னோட கையி" என்று முழங்கையைக் காட்டினேன்.

"வலப்பக்கம் போகோணும்னு ஆசைப்பட்டா அடிக்கறேன்?"

"அது உங்களுக்கும் அம்மனுக்கும்தான் வெளிச்சம்."

சிரித்துக்கொண்டே வந்து மீதி மூன்றையும் அவரே தேடினார். இரண்டு கிடைத்தது.

மாசி 9, புதன்

நேர் 44. வலது 11. இடது 5. டக் ஒன்றுமில்லை.

வின்சென்ட் சார் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடிபடறதுக்கு முன்னாடி கூட இவன் இப்படி அடிச்சதில்ல" என்றார். அங்கேயே நின்று பெங்களூருக்குப் போன் போட்டார். பரீட்சை தேறி ஆள் வந்தால் போதும், அறை தயார் என்று பயிற்சிப் பள்ளியில் சொன்னார்களாம். ஒரே அறையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களாம். சாப்பாடு மெஸ்ஸில்.

ரொம்பச் சந்தோஷமான நாள். பாயசம் வைத்தேன். அடி பிடித்துவிட்டது. பீன்ஸ் பொரியலும் தீய்ந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை, அடுப்புப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன்.

மாசி 11, வெள்ளி

குளித்துக் கோயிலுக்குப் போய் மஞ்சள் கிழங்கையும் மஞ்சள் கயிற்றையும் அம்மன் பாதத்தில் வைத்து வாங்கி வந்தேன். வீட்டில் விளக்கேற்றி, அவருடைய இடது கையில் காப்புக் கட்டினேன். தகடு வைத்துத் தைத்த தழும்பு மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கிறது. கிழங்கு சரியாக அந்தத் தழும்பின் மேல் உட்காருகிற மாதிரி கட்டினேன். அடிபட்ட இடம் அம்மன் காவலில் இருக்கட்டும்.

ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள். இன்று தொடங்கி எண்ணினால் பங்குனி 28 புதன்கிழமை முடியும். அதுவரைக்கும் கவுச்சி கிடையாது. துக்க வீட்டுக்குப் போகக் கூடாது. காப்புக் கட்டினவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. கிளப் இரண்டு மைல் தள்ளி இருந்தாலும் ஊர் எல்லைக்குள்தான் வருகிறது, அதற்குப் பாதகமில்லை.

இதையெல்லாம் சொல்லித்தான் கட்டினேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். 

என்ன வேண்டிக்கொண்டேன் என்பது அம்மனுக்குத் தெரியும். எழுத வேண்டியதில்லை.

மாசி 12, சனி

நேர் 29. வலது 27. இடது 4.

காற்று அடித்தது.

மாசி 16, புதன்

நேர் 24. வலது 33. இடது 3.

இன்று காற்று இல்லை. இலை கூட அசையவில்லை. செருப்பு மாற்றினாரா என்று பார்த்தேன், அதே ஷூதான். பந்து மாற்றினோமா என்று பார்த்தேன், அதே பழைய பந்துகள்தான். கட்டில் சாய்வு குறைந்துவிட்டதோ என்று முட்டுக் குச்சியைச் சாண் வைத்து அளந்தேன். சரியாக இருந்தது. டக் சத்தம் நாலு தடவை வந்தது.

கண் பட்டிருக்கும். பாயசம் வைத்த அன்று வந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நன்றாகவே நெடி அடித்தது. கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள்.

ஸ்கேலைக் கழற்றி வைத்துவிட்டார். "குத்துது" என்றார்.

"குத்துனா மணிக்கட்டு மடியுதுன்னு அர்த்தம்ங்க. சாரு சொன்னாரில்ல?"

"அதான் கழட்டி வெச்சேன். குத்தறது தெரியாம அடிக்கலாமில்ல."

மாசி 19, சனி

தரணி போன் செய்தாள். அப்பா பெங்களூர் போய்விட்டால் வீட்டில் நீ மட்டும் எப்படி இருப்பாய் என்று கேட்டாள். மஸ்கட் போன போது நீ இருந்தாய், நான் சமாளித்தேன் என்றேன். "அப்ப எனக்கு மூணு வயசும்மா. நானா உனக்குத் துணை?" என்றாள். அம்மன் இருக்குது கண்ணு என்று சொல்லி, சாதம் குழைகிறது என்று வைத்துவிட்டேன்.

சாதம் குழையவில்லை. அரிசியே போடவில்லை.

மாசி 22, செவ்வாய்

நேர் 19. வலது 38. இடது 3.

வின்சென்ட் சார் செல்போனில் அவர் வீச்சைப் படம் பிடித்து மெதுவாக ஓட விட்டுக் காட்டினார். மட்டை உச்சிக்குப் போகும்போது இடது மணிக்கட்டு பின்பக்கமாக மடிகிறது. கட்டாயப்படுத்தி யாரோ மடக்குகிற மாதிரி, நன்றாகத் தெரிகிறது. மணிக்கட்டு மடிந்ததும் மட்டை தளத்தை விட்டுப் பின்னால் விழுகிறது. அங்கிருந்து அது எப்படித் திரும்பி வந்தாலும் பந்து கிளுவை வேலிக்குத்தான்.

"சென்னி, கை வலிக்குதா?"

"இல்லீங்க சார்."

"பொய் சொல்லாதடா."

"இல்லீங்க சார்."

சார் என் நோட்டை வாங்கினார். விரலை வைத்துக் கீழே இறங்கிக்கொண்டே வந்தார். நாற்பத்து நாலு இருந்த இடத்தில் நிறுத்தினார். அடுத்த வரி இருபத்தொன்பது. "ஒன்பதாம் தேதிக்கும் பன்னெண்டாம் தேதிக்கும் நடுவுல என்ன நடந்துச்சு? ஏதோ மாறியிருக்கு. மயிலம்மா, நீங்க கணக்கா இருக்கறவங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. என்ன மாறுச்சு?"

எதுவும் மாறவில்லை என்றேன்.

வீட்டுக்காரர் குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நன்றாகக் கட்டியிருந்த கயிறுதான்.

மாசி 23, புதன்

இன்று கணக்கு எழுதவில்லை.

மாசி 25, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். தீபம் காட்டும்போது எல்லோரும் அம்மன் முகத்தைப் பார்த்தார்கள். நான் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்து அவர் கைக்கு எண்ணெய் தேய்த்தேன். காப்பைக் கொஞ்சம் மேலே தள்ளினேன். அடியில் தழும்பின் மேல் கிழங்கு அழுந்திய பள்ளம், சுற்றிலும் கன்றிப் போய்ச் சிவந்திருந்தது. நான் கட்டியபோது கயிறு தளர்வாகத்தான் இருந்தது. கையுறையின் பட்டை அதன் மேல் இறுகுகிறது. மணிக்கட்டை நேராக வைத்தால் கிழங்கு நேரே தகட்டின் மேல் அழுத்தும். பின்னால் மடக்கினால் அழுத்தாது.

"இது என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கொசு."

இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கு இல்லை. உண்மையை எழுதுகிறேன்: சார் நோட்டில் விரல் வைத்தபோதே தெரியும். அதற்கு முன்னாலும் தெரிந்திருக்கலாம், காற்று என்று எழுதிய அன்றைக்கே.

மாசி 28, திங்கள்

அவர் கையுறை மாட்டும்போது போய் எதிரே நின்றேன். "இன்னிக்கு அடிக்க வேண்டாங்க."

"ஏன்?"

"காப்புக் கெழங்கு தகட்டு மேல அழுத்துதா இல்லியா? கொசுன்னு சொல்லாதீங்க."

"கொஞ்சம்."

"எப்பப் புடிச்சு?"

"கட்டுன அன்னைக்குப் புடிச்சு."

"பதினெட்டு நாளு! ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலியா? கயித்தக் கொஞ்சம் தள்ளியாச்சும் விட்டிருக்கலாமுல்ல?"

கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். "நீ தேடி அங்க கட்டுன. நான் எதுக்குத் தள்ளோணும்?"

 சாய்த்து வைத்த கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். மண்டலம் முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தச் சிவந்த இடத்தைப் பார்த்த பிறகு மூன்று நாளாகச் சாமி கும்பிட முடியவில்லை.

"நான் கை சொகமாகோணும்னு வேண்டிக் கட்டலீங்க."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லை தாண்டக் கூடாது, எல்லை தாண்டக் கூடாதுன்னு மூணு வாட்டி சொன்னே. கை சொகமாகோணும்னு ஒருக்கா கூடச் சொல்லல. பரீச்சை என்னைக்குன்னு உனக்குத் தெரியாதா? கேஸ் சிலிண்டர் எத்தனை நாளு வந்துச்சுன்னு வெரல்ல வெச்சிருக்கறவ நீ. மண்டலம் முடியறது இருவத்தெட்டு, பரீச்சை இருவது."

"தெரிஞ்சுமா கைய நீட்டுனீங்க?"

அவர் பந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"மஸ்கட் போறப்ப நீ வாயவே தொறக்கல, மயிலு. ஊறுகா கட்டிக் குடுத்தே, பையிக்கு ஜிப்பு தெச்சுக் குடுத்தே, பஸ் ஏத்தி உட்டே. நாலு வருசம் அங்க புல்லு வெட்டறப்ப எல்லாம் நெனச்சுக்குவேன், நான் போனது இவளுக்கு ஒண்ணும் பெரிசாத் தெரியல போலன்னு. இப்பத்தான் மொத வாட்டி போகாதேன்னு சொல்லியிருக்கறே. வாயில சொல்லல, கயித்துல சொன்னே. சொன்னதே போதும்னு கட்டிக்கிட்டேன்."

"அப்ப பரீச்சை?"

"போகாட்டிப் போகல."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. முப்பது வருடம் அடுத்தவர் பையைத் தூக்கியவர். ஊரில் அவர் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு சொல் கூட கிடையாது. அதை வாங்கப் போகிற கையை நானே கட்டி வைத்துவிட்டேன். அம்மன் என்னை ஏமாற்றவில்லை. நான் கேட்டதைக் கேட்டபடியே, பந்துக் கணக்கில் ஒன்று விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மஸ்கட் நாலு வருடத்தில் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அவரிடம் இன்று சொன்னேன்.

மாசி 29, செவ்வாய்

பூசாரி நாச்சிமுத்து கோயில் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். மண்டலத்துக்கு நடுவில் காப்பை அவிழ்த்தால் குற்றமாகுமா என்று கேட்டேன்.

"யாரு தாயி கட்டுனது? நான் கட்டலியே."

"நான்தானுங்க. வீட்டுல வெச்சு."

"என்ன வேண்டிக் கட்டுனே?"

சொன்னேன். புருசன் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று வேண்டினேன் என்று ஒரு வெளி ஆளிடம் சொல்ல எவ்வளவு கூச்சம். அவர் சிரிக்கவில்லை. சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"வேண்டுதல் உன்னோடது. காப்ப மட்டும் அவன் கையில கட்டியிருக்கறே. ஆளு மாத்திக் கட்டிட்டே, அவ்வளவுதான். கட்டுன கையே அவுக்கட்டும். பால் ஊத்திக் கும்பிட்டுட்டு, மிச்ச நாளுக்கு நீ கட்டிக்க."

"அப்ப நான் எல்லை தாண்டக் கூடாதுங்களா?"

"பின்ன? காப்புன்னா காப்புத்தான்."

பரீட்சைக்கு அவருடன் பெங்களூர் போகலாம் என்று நேற்று மாலை எனக்கு ஓர் எண்ணம் வந்திருந்தது. அது இல்லை என்று ஆயிற்று. சரி.

வீட்டில் விளக்கேற்றி அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, கத்தி வைக்க மனமில்லை. பல்லால் கடித்துத்தான் எடுத்தேன். என் வலது கையில் அவர் கட்டிவிட்டார். "எங்க கட்டட்டும்? தழும்பு எங்க இருக்குது?" என்று கேலி வேறு.

பங்குனி 4, ஞாயிறு

நேர் 31. வலது 24. இடது 5.

வின்சென்ட் சாரிடம் சொல்லியாயிற்று. மஞ்சள் கிழங்கைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்றார், என் கையைக் காட்டினேன். "இருபத்தாறு வருஷம் விமானத்துல பழுது பாத்திருக்கேன் அம்மா. இந்த மாதிரி ஒரு பழுது எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றார். பிறகு கொஞ்சம் கடுமையாகவே, "அன்னைக்கே கேட்டேனே?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

கிழங்கு போன பிறகும் மணிக்கட்டு மடிகிறது. வலி இல்லை, ஆனால் வலி வரும் என்று அந்தக் கை நினைத்துக்கொண்டிருக்கிறது. ஸ்கேல் வைத்தால் அதையும் பயந்து இறுக்குகிறார்.

பந்தே வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டேன். மட்டையை உச்சி வரைக்கும் கொண்டு போய் நிறுத்தச் சொன்னேன். ஸ்டூல் போட்டு ஏறி, அவர் புறங்கையின் மேல் என் உள்ளங்கையைத் தட்டையாக வைத்தேன். முழங்கையிலிருந்து விரல் கணு வரைக்கும் ஒரே கோடாக வரும் வரை அப்படியே இருந்தேன். பத்து எண்ணினேன். இறக்கச் சொன்னேன். மறுபடியும். காலையில் ஐம்பது, சாயங்காலம் ஐம்பது.

"அக்கம்பக்கத்துல பாத்தா என்ன நெனப்பாங்க?" என்றார்.

"புருசன் கைய பொண்டாட்டி புடிக்கறான்னு நெனப்பாங்க. அசையாதீங்க, இது ஏழு."

பங்குனி 9, வெள்ளி

நூறு தடவை. பந்து இல்லை. கோயில், முருங்கைக்கீரை, தரணிக்குப் போன்.

பங்குனி 15, வியாழன்

நேர் 46. வலது 10. இடது 4. டக் இல்லை.

எழுதிவிட்டு நோட்டை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கணக்கு சரியாக வந்தால் எப்போதும் மனசு நிறையும். இன்றைக்கு நிறைந்த மாதிரியும் இருந்தது, கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரியும் இருந்தது.

பங்குனி 18, ஞாயிறு

ஊருக்குக் கிழக்கே எல்லைக் கல் வரைக்கும் கூடப் போனேன். அதைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தம். மட்டைப் பையை அவரே தூக்கிக்கொண்டு போனார். தன் பையைத் தானே தூக்குகிறவர் என்று வின்சென்ட் சார் பஸ் நிறுத்தத்தில் இருந்தே சொல்லிச் சிரித்தார். சாரும் கூடப் போகிறார்.

இந்தத் தடவை ஊறுகாய் கட்டிக் கொடுக்கவில்லை. வேண்டும் என்றேதான்.

பங்குனி 20, செவ்வாய்

மூன்று மணிக்குப் போன் வந்தது. முதல் நாள் எழுபத்தேழு. நாளைக்கு எழுபத்தொன்பது வரைக்கும் ஆகலாம். அதற்கு மேல் ஒன்று கூடினாலும் கிடையாது.

விளக்கு முன்னால் உட்கார்ந்தேன். எதையும் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறாள் என்று பயமாக இருந்தது. கும்பிட்டுவிட்டு எழுந்து துணி மடித்தேன்.

பங்குனி 21, புதன்

மூன்று மணி ஆயிற்று, போன் இல்லை. மூன்றரை. வெங்காயம் உரித்தேன், தேவைக்கு மேல் உரித்துவிட்டேன். நாலு மணிக்கு வந்தது.

"என்னுங்க?"

"கடைசிக் குழியில வலப்பக்கம் பூராம் தண்ணி."

"ஐயோ. தண்ணிக்குப் போயிருச்சா?"

"போகல. தண்ணிக்குப் பயந்து இடப்பக்கம் இழுத்துட்டேன். ஒரு மரத்தடியில வேருக்கு நடுவுல கெடந்துச்சு."

"இடதா? நாலுதான வருது நம்ம கணக்குல!"

"அந்த நாலுல ஒண்ணு. அங்கிருந்து தள்ளி வெளிய எடுத்து, அப்புறம் குழி இருக்கற பச்சைப் புல்லுக்கு ஏத்தி, நாலடி தூரம் உருட்ட வேண்டியிருந்துச்சு. உள்ள போனா எழுவத்தொம்பது."

 அவர் மூச்சு விடுவது கேட்டது.

"உள்ள போயிருச்சு புள்ள."

நூற்று ஐம்பத்தாறு. சரியாக. மனக்கணக்காக இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். வின்சென்ட் சார் பின்னால் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். ரொம்பச் சந்தோஷம்ங்க என்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அத்துடன் போனை வைத்திருக்கலாம். வைத்தால் பழையபடி ஆகிவிடும் என்று தோன்றியது.

"சந்தோசம்தானுங்க. ஆனா நீங்க அங்க போய் இருக்கறது எனக்குப் புடிக்கல. இதையும் சொல்லிப் போடறேன்."

 "ரெண்டையும் சொன்னே பாரு" என்றார்.  "வந்து பேசலாம். காலையில பஸ்ஸுக்கு வர்றேன்."

பங்குனி 22, வியாழன்

ஒன்பது மணிக்கே எல்லைக் கல்லுக்குப் போய்விட்டேன். பத்தே காலுக்குப் பஸ் வந்தது. வின்சென்ட் சார் டவுனிலேயே இறங்கிக்கொண்டாராம், இவர் மட்டும்தான். நான் கல்லுக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். பையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"வாங்க, வெயில்ல நிக்காதீங்க."

"இரு. திங்கக்கெழமை வந்து சேரச் சொல்றாங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல. உன்னைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கறேன். சொல்லு. போகட்டுமா, வேண்டாமா? வேண்டாம்னா வேண்டாம். பேரு கெடச்சுருச்சு, எனக்கு அதுவே போதும்."

போதாது என்று அவர் முகத்தில் இருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. மட்டைப் பையின் வாரைக் கையிலிருந்து விடாமல் நின்றார்.

நான் காலையில் இருந்து, இல்லை, ஐந்தாறு நாளாகவே எண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன். "திங்கக்கெழமை ஆகாதுங்க. புதன் வரைக்கும் நான் எல்லை தாண்டக் கூடாது. வியாழக்கெழமை போகலாம்."

"போகலாம்னா?"

"போகலாம்னா போகலாம். ரெண்டு பேரும்."

"இந்த ஊர விட்டா? கோயில விட்டுட்டு நீ இருந்துக்குவியா?"

 இந்த ஊர் எல்லைக்கு வெளியே நான் சேர்ந்தாற்போல மூன்று நாள் இருந்ததில்லை. தெரியல என்றேன். வெள்ளிக்கிழமை ஆனால் எங்கே போய் நிற்பேன் என்று தெரியவில்லை, அந்த ஊர்ப் பேச்சுத் தெரியாது என்றும் சொன்னேன். "ஆனா நீங்க இல்லாம நாள எண்ணிக்கிட்டு இன்னொரு வாட்டி என்னால உக்கார முடியாது."

அவர் போனை எடுத்தார். அங்கேயே, ரோட்டோரத்தில் நின்று பேசினார். "சார், சென்னியப்பன் பேசறனுங்க. வர்றனுங்க சார். ஆனா திங்கள் இல்லீங்க, வியாழன். … இல்லீங்க, அந்த ரூம் வேண்டாங்க. ரெண்டு பேருக்கு வேணும்ங்க. வீட்டுலயும் வர்றாங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "சின்ன வீடு ஒண்ணு இருக்குதாம். எப்படி இருக்கோணும்னு கேக்கறாங்க."

"சமையக்கட்டுத் தனியா இருக்கோணும். அப்புறம் கெழக்க பாத்த மாதிரி சாமி வைக்க ஒரு செவுரு வேணும்னு சொல்லுங்க. சன்னல் வேண்டாம். முழுச் செவுரு."

வார்த்தை மாறாமல் அப்படியே சொன்னார்.